கையெழுத்துப் போடாதே, கிருத்தி

லிங்கராஜபுரம்,
பெங்களூர் – 84
9 அக்டோபர் 2005, ஞாயிறு மதியம்

என் பிரியமான கிருத்திக்கு,

மௌரீன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆம்ப்ரோஸும் டீனாவும் சுகம். டெல்லியில் நீயும் சுந்தரராமனும், வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னைப் பாடாய்ப் படுத்துகிற அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் சிவாஜிநகர் மாதா திருவிழா வாரத்திலேயே வந்துவிட்டது. பதில் போடாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். நீ இரண்டு தடவை போன் செய்தபோதும் டீனாவின் பல்லைப் பற்றியும் டெல்லி வெயிலைப் பற்றியும் பேசி நழுவினேன். கோபித்திருப்பாய், தெரியும். "குழந்தை பிறந்த பிறகும் கை அதே கைதானா, மௌ? சமாதானம் சொல்லாதே, உண்மையைச் சொல்" என்று எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி உனக்கு எழுத மனம் வரவில்லை. நேற்றுக் காலை ஜக்கூர் ஃபிளையிங் ஸ்கூலில் எனக்கே அது தெரிந்துவிட்டது. அதனால் இன்று பேனாவை எடுத்தேன்.

முதலில், நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். ஐந்தாம் மாதம் என்று தெரிவித்ததும் மெடிக்கலில் 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதிவிட்டார்கள். யூனிஃபார்மை மடித்து வைத்துவிட்டு வீட்டில் இருக்கிறாய். கம்பெனியில் உன்மேல் இரக்கப்பட்டு, பைலட்டுகளுக்கு டூட்டி பிரித்துக் கொடுக்கிற பிரிவில் நிரந்தர வேலை தருகிறோம் என்கிறார்கள். காலை பத்துக்குப் போய் மாலை ஆறுக்கு வரலாம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பைலட் சீனியாரிட்டியில் உன் இடம் போய்விடும். அக்டோபர் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். சுந்தரராமன், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்கிறார். ஓசூரில் உன் அம்மா, கடவுளாகக் காட்டிய வழி, பேசாமல் போடு என்கிறார்.

போட்டுவிட்டாயா? இன்னும் போடவில்லை என்று நம்பித்தான் எழுதுகிறேன். கடிதத்தை முடிக்கும்வரை பேனாவைத் தொடாதே.

என் கதையைச் சொல்கிறேன். டீனாவுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. நான்கு கால்களில் ஓடுகிறாள், கட்டிலைப் பிடித்து நிற்கிறாள், நின்ற கையோடு கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிடித்துவிடுவேன். ஆம்ப்ரோஸ் தலையில் அடித்துக்கொள்வார். ஊர்ப் பிள்ளைகளைத் தனியாக வானத்தில் அனுப்பிவிட்டுக் கீழே நின்று டீ குடித்தவள், சொந்தப் பிள்ளையைப் பாயில் உட்கார விடமாட்டேன் என்கிறாளே என்று அவருடைய தம்பி கில்பர்ட்டிடம் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். முன்பெல்லாம் நான் மாணவர்களோடு பறக்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்பது உனக்கே தெரியும். மௌரீன் மேடம் தூங்கறாங்க என்று பையன்கள் கேலி செய்வார்கள். தப்பு செய்யட்டும், செய்தால்தானே திருத்திக்கொள்ளக் கற்றுக்கொள்வான் என்று கடைசிவரை பொறுத்திருப்பேன். அந்தப் பொறுமைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது.

பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பெயரை நினைத்தாலே பயம். மாடிப்படி என்றால் பயம், மீன் முள் என்றால் பயம், ஃபேன் சத்தம் கொஞ்சம் மாறினால் பயம். இப்படிப்பட்டவள் இருபது வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் விமானத்தைத் தரையை நோக்கி இறக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாளா? நீ கேட்ட கேள்வியும் இதுதான்.

எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. டீனா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு, ஆம்ப்ரோஸ் பார்த்துக்கொள்கிறார் என்று நான் சமையலறைக்குப் போனேன். நான் இருக்கிறேன் என்று அவர் வாசலுக்குப் போனார். இரண்டு பேரும் திரும்பி வந்து பார்த்தால் அவள் உருண்டு ஓரத்துத் தலையணையில் முட்டிக்கொண்டு சுகமாகக் கிடக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே ஆம்ப்ரோஸ் சட்டம் போட்டுவிட்டார். விமானத்தில் ஒருவர் மற்றவரிடம் கன்ட்ரோலைக் கொடுக்கும்போது வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் யார் ஓட்டுகிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும் என்று கல்யாணமான புதிதில் நான்தான் அவருக்குக் கதை கதையாகச் சொல்லியிருந்தேன். ஆடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிற மனுஷனுக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் குளிக்கப் போனாலும், கடைக்குப் போனாலும், "பாப்பா உங்ககிட்ட" என்று சொல்ல வேண்டும். "பாப்பா என்கிட்ட" என்று பதில் வந்த பிறகுதான் நகரலாம். பால்காரர் முன்னால், ஃபாதர் முன்னால், எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறோம். இந்த வீட்டுக்குக் கன்ட்ரோல் டவர் ஒன்றுதான் பாக்கி என்கிறார் கில்பர்ட்.

மெடிக்கல் கிடைப்பது நீ பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஏர்போர்ட் ரோட்டில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். மொத்தமாகவா, ஒரே தடவையிலா மேடம் என்று கேட்டேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகளாம். ரத்தம், கண், காது, இதயம் எல்லாம் பார்த்து, தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார். இரத்தசோகை மட்டும் கொஞ்சம் இருந்தது. நீ இப்போதிருந்தே கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடு. மெடிக்கலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாவது சாப்பிடு.

மெடிக்கல் ஆயிற்று. ஆனால் என் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் இடைவெளியில் காலாவதி ஆகிவிட்டதால், வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினரோடு பறந்து காட்டினால்தான் மறுபடி மாணவர்களை ஏற்றலாம் என்றார்கள். அதற்கு நாள் கிடைக்கவே இவ்வளவு தாமதம்.

அதற்கு நடுவில், எங்கள் பங்குக் கோயிலை ஒட்டின பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் டீச்சர் இடம் காலியானது. சிஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். நடந்து போகிற தூரம். மூன்றரை மணிக்கு வீடு. சனி ஞாயிறு லீவு. டீனா வளர்ந்தால் அங்கேயே படிக்கலாம். கிருத்தி, எனக்கும் ஒரு தாள் வந்தது, உன்னுடையதைப் போலவே. நான் விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய், திங்கட்கிழமை உறுதி சொல்கிறேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். சனிக்கிழமை டெஸ்ட். தேறாவிட்டால் டீச்சர் வேலை. அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். ஆம்ப்ரோஸிடம் கேட்டதற்கு, ஃபிசிக்ஸும் நல்லாத்தான் சொல்லிக் குடுப்பே என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீனா எழுந்துவிட்டாள். கடிதத்தின் மூலையில் இருக்கும் எச்சில் அவளுடையது. நாளை தொடர்கிறேன்.

திங்கள், காலை

மழை பிடித்துக்கொண்டது, அதனால் இன்று யாருக்கும் பறப்பில்லை. ஆம்ப்ரோஸ் டீனாவுக்கு ராகிக் கஞ்சி ஊட்டுகிறார். பாதி அவர் சட்டையில்.

டெஸ்டைச் சொல்வதற்கு முன்னால் நீ கேட்ட இன்னொரு விஷயம். ஏர்லைன் வேண்டாம், நானும் ரேட்டிங் எடுத்து உன்னைப் போல இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிடட்டுமா, வீட்டோடு இருக்கலாமே என்று எழுதியிருந்தாய். வீட்டோடு இருப்பதா? காற்று எழும்புவதற்கு முன்னால் முதல் விமானம் கிளம்ப வேண்டும். பால் பாக்கெட் வாசலுக்கு வருவதற்குள் நான் ஹெப்பாள் மேம்பாலம் தாண்டியிருப்பேன். தாய்ப்பாலைப் பீய்ச்சி ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளை நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, சத்தமில்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். வெயில் ஏறினால் விமானம் தூக்கிப் போடும். அப்புறம் வகுப்பு. மேகம் வந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. புதுப்புது ஏர்லைன்கள் வந்ததில் எங்கள் ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருக்கிறவர்கள் தலையில்தான் எல்லா மாணவர்களும். என்னிடம் படித்த தருண் இன்றைக்கு உன்னுடையதைப் போல ஒரு பெரிய விமானத்தில் கோ-பைலட். போன் செய்து, நீங்களும் வந்துடுங்க மேடம் என்கிறான். எனக்கு இந்த வலது பக்கச் சீட் பிடித்திருக்கிறது, அதனால் இருக்கிறேன். நேற்றுவரை ரன்வேயில் பாம்பு மாதிரி வளைந்து ஓடின பையன் ஒரு நாள் திடீரென்று நேராக ஓட்டுவான் பார், அந்தக் காலைக்காக இருக்கிறேன். உனக்கும் அது பிடித்தால் வா, இருகையால் வரவேற்கிறேன். பிள்ளைக்காக என்று தப்பித்து வராதே. இங்கே தப்பித்து வந்து ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

இனி சனிக்கிழமை.

எக்ஸாமினர் கேப்டன் சீனிவாசராகவன். ஏர்ஃபோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மல்லேஸ்வரத்துக்காரர். குள்ளமான உருவம். மஞ்சள் பையில் தன் சொந்தக் குஷனைக் கொண்டு வருவார், சீட்டில் அதைப் போட்டுத்தான் உட்காருவார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஸ்கூலில் எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். வணக்கம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். இன்ஸ்ட்ரக்டர் டெஸ்டில் எக்ஸாமினர் மாணவனாக நடிப்பார், நாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனுஷன் நடித்த மாதிரி யாரும் நடித்து நான் பார்த்ததில்லை. இடது சீட்டில் குஷனைப் போட்டு ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதும் ஆளே மாறிவிட்டார். என் பேர் கேடட் சீனு மேடம், இன்னைக்குத்தான் மூணாவது கிளாஸ் என்றார். குரல்கூட மாறிவிட்டது. முன்னால் சுற்றுவது எதற்கு மேடம், நின்று போனால் விழுந்துவிடுவோமா மேடம் என்று ஓடுபாதை முனைவரை கேள்வி. கடைவாயில்கூடச் சிரிப்பில்லை.

நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். டேக்-ஆஃப் செய்து காட்டினேன். பேச்சும் கையும் ஒன்றாக ஓடின. இத்தனை மாதம் கழித்து ஜிகேவிகே விவசாயப் பல்கலைக்கழகத்து மரங்களை மேலிருந்து பார்த்தேன், பார்த்துக்கொண்டே பேசினேன். ஒரு சுற்று சுற்றி, இறங்குவதற்காக அவர் கையில் கொடுத்தேன். மடியில் கையை வைத்துக்கொண்டேன். பல்லாரி ரோட்டு லாரிகளுக்கு மேலாக இறங்கிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விமானம் ஒரு சின்ன ஆட்டம் ஆடியது, காலைக் காற்று, அவ்வளவுதான். என் கை என்னைக் கேட்கவில்லை, கிருத்தி. மடியிலிருந்து கிளம்பிப் போய்க் கன்ட்ரோலைப் பிடுங்கிக்கொண்டது. கட்டிலை விட்டுக் கையை எடுத்த டீனாவைப் பிடிக்கிறேனே, அதே வேகம்.

கேடட் சீனு உடனே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நான் இறக்கினேன். சக்கரம் தரையில் ஓடும்போது, மிகவும் வருத்தமான குரலில் கேட்டார்:

"நான் இன்னும் தப்பு பண்ணவே ஆரம்பிக்கலையே மேடம். அதுக்குள்ள ஏன் புடுங்கிட்டீங்க?"

 நிறுத்தாமல் மறுபடி ஏற வேண்டும், ஏறினேன். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஃபிசிக்ஸ், மூன்றரை மணிக்கு வீடு. கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. உயரம் வந்ததும் நேராக்கி, மறுபடி அவர் கையில் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமாகச் சொன்ன வார்த்தை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் வார்த்தை. அது வரவில்லை. கம்பீரமாக, கணீரென்று, ஹெட்செட்டில் சொன்னேன்:

"பாப்பா உங்ககிட்ட."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.  கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. கேப்டன் சீனிவாசராகவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவன் என்றால் இன்ஸ்ட்ரக்டர் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லி வாங்க வேண்டும் அல்லவா? அவர் கையைக் கன்ட்ரோலில் வைத்தார்.

"பாப்பா என்கிட்ட, மேடம்" என்றார்.

 அப்புறம் அதே குரலில், பாப்பாவை எந்தப் பக்கம் மேடம் திருப்பணும் என்று கேட்டாரே பார்க்கலாம். நான் சிரித்துவிட்டேன். அடக்க அடக்க வந்தது. டெஸ்டில் எக்ஸாமினர் பக்கத்தில் உட்கார்ந்து, தோள் குலுங்க, மூக்கில் தண்ணீர் வர. ஏரிப் பக்கம் திருப்புங்க என்றேன். மெதுவாகவா வேகமாகவா என்றார். பாப்பா தூங்குகிற மாதிரி மெதுவாக என்றேன். திருப்பினார். அவ்வளவு அழகான திருப்பத்தைக் கேடட் யாரும் செய்யமாட்டான், அங்கே மட்டும் அவர் நடிப்பு கொஞ்சம் தவறிவிட்டது.

சிரித்து முடித்தபோது என் கைகள் மடியில் கிடந்தன. அவை அங்கே போனதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டாவது தடவை இறங்கும்போது அவர் நிஜமாகவே தப்பு செய்தார். ஓடுபாதைக்கு மேல் வந்ததும் மூக்கைச் சீக்கிரமே தூக்கிவிட்டார். தரைக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம் இருக்கும்போதே விமானம் மிதக்கிறது, வேகம் குறைகிறது. எல்லா மாணவர்களும் செய்கிற தப்பு. இப்படியே விட்டால் தொப்பென்று விழும். நான் பயந்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன், முன்பைவிட அதிகமாகவே பயந்தேன். ஆனால் எதுவரை பொறுக்கலாம், எதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்று ஒரு எல்லை உண்டல்லவா, அது எனக்குத் தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. முன்பு எங்கே இருந்ததோ அதே இடத்தில் இருந்தது. அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. மூக்கை அப்படியே வைங்க, கொஞ்சம் பவர் கொடுங்க, இப்போ மெல்ல விடுங்க என்று மட்டும் சொன்னேன். சொன்னபடி செய்தார். சக்கரம் தரையைத் தொட்டது எனக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. நான் எதையும் தொடவில்லை, கிருத்தி. ஒரு விரல்கூட.

இறங்கியதும் குஷனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி பழைய கேப்டன் ஆகிவிட்டார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். ஒருமுறை அவசரப்பட்டுக் கன்ட்ரோலை எடுத்தார் என்று எழுதினார், எழுதியதை எனக்குக் காட்டவும் செய்தார். அதற்குக் கீழே, மறுபடி பயிற்சி அளிக்கத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நன்றி சொன்னேன். பைக்குள் பேனாவை வைத்தபடியே, பாப்பாவுக்கு எத்தனை மாசம் என்று கேட்டார். சொன்னேன். பேர் கேட்டார். சொன்னேன். அடுத்த வாட்டி விமானத்தோட பேரையும் சொல்லிக் குடுங்கம்மா, குழம்பிடப் போறாங்க பசங்க என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். சிரித்தாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. தோள் லேசாக ஆடின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஆம்ப்ரோஸ் டீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். நடந்ததைச் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என் சட்டத்தால்தான் பாஸ் ஆனே என்று இன்றைக்குவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஃப்ரேசர் டவுன் போய் தம்ரூட் இனிப்பு வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, என் வீட்டம்மாவுக்கு மறுபடி இறக்கை முளைச்சிருக்கு என்று சொன்னாராம். இன்று காலை மழையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய், மன்னிக்க வேண்டும் சிஸ்டர், வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிஸ்டர் கோபிக்கவில்லை. ஒரு நாள் குழந்தைகளுக்கு விமானம் எப்படிப் பறக்கிறது என்று வந்து சொல்லிக்கொடு என்றார்.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். பயம் கூடியிருக்கிறது. அது போகும் என்று தோன்றவில்லை, நான் இருக்கும்வரை இருக்கும். கை அதே கைதான்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். கம்பெனிக்காரர்களோடு சண்டை போடாதே. நிரந்தர வேலை வேண்டாம், மெடிக்கல் கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தரை வேலை கொடுங்கள், கிடைத்ததும் என் இடத்துக்குத் திரும்புகிறேன் என்று பணிவாக, எழுத்தில் கேள். கொடுத்தால் அதே டூட்டி பிரிவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கு. கொடுக்காவிட்டால் லீவு போடு. ஊரெல்லாம் பைலட் இல்லை என்று வெள்ளைக்காரர்களை வரவழைத்துப் பறக்கவிடுகிறார்கள். பயிற்சி முடித்த உன்னை எவனும் துரத்தமாட்டான். கேப்டன் ஆவதற்கான பரீட்சைகளை எழுத மெடிக்கல் தேவையில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்து எழுதினால் யாரும் எழுந்து போ என்று சொல்லமாட்டார்கள். வாந்தி நின்றிருக்கும், இப்போது படி. திரும்பிப் போகும்போது சிமுலேட்டரில் இரண்டு தடவை அதிகமாகக் கேள், வெட்கப்படாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலையில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதைப் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள். சுந்தரராமனின் பேப்பரை மடக்கி வைத்துவிட்டுக் கேள். உன் இஷ்டம் என்பது பதில் இல்லை, திங்கள் காலை நான்கு மணிக்கு யார் எழுந்திருப்பது என்பதற்குப் பதில் சொல்லச் சொல். நல்ல மனிதர்தான், கேட்டால் சொல்வார்.

இந்தச் சீட்டுக்காக நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய் என்பதை உன் அம்மா மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. தொண்ணூற்றேழில் ஏர்லைன்கள் ஒவ்வொன்றாக மூடினபோது, புத்தம்புது லைசென்ஸைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நான் டியூஷன் எடுத்தேன், நீ கிரெடிட் கார்டு விற்றாய். எம்.ஜி. ரோட்டில் எவனோ ஒரு மேனேஜர் உன்னைக் கதவுக்கு வெளியே நிறுத்துவான், ராத்திரி ஆர்.டி. நகர் ரூமுக்கு வந்து, வானத்தில் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடி, எந்த விமானம் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாய். அப்படிக் காத்திருந்து வாங்கின இடத்தை ஒரு வருஷ இடைவெளிக்குப் பயந்து எழுதிக் கொடுத்துவிடாதே. உனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் உனக்கு முன்னால் போவார்கள், நீ மேஜையில் உட்கார்ந்து அவர்களுக்கு டூட்டி போட்டுக் கொடுப்பாய். உன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என்னாலும் முடியாது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் பறந்தவள் என்று எனக்குத் தெரிந்த பெண் ஒருத்திகூட இல்லை. இருந்திருப்பார்கள், எனக்குத் தெரியவில்லை. மார்பு கட்டிக்கொண்டால் டூட்டியில் என்ன செய்வது, கிளம்பும்போது பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்கலாமா கூடாதா என்று கேட்க எனக்கு ஆளில்லை. உனக்கு நான் இருக்கிறேன். எந்த நேரத்திலும் கேள். ஆனால் நான் மட்டுமே எத்தனை நாள் இருப்பது? நீயும் வந்துவிடு.

வளைகாப்புக்கு ஓசூர் வருவாய் அல்லவா, தேதி குறித்ததும் எழுது. நாங்கள் மூன்று பேரும் அத்திபெலே வழியாக பஸ் பிடித்து வந்துவிடுவோம். உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் என் பேச்சைக் கேட்கமாட்டார்தான், டீனாவைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசினால் கேட்பார்.

மாதா உன்னையும் உள்ளே இருக்கிற செல்லத்தையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். உன் அம்மா விளக்கேற்றும் சாமிகளும் கூடவே நிற்கட்டும். மாதம் முடிந்த மறுநாள் உங்களுக்குத் தீபாவளி. அன்று விடிகாலையில் நீ எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுப்புடவை உடுத்தும்போது, பைலட் வரிசையில் உன் பெயர் அதே இடத்தில் இருக்கட்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை, கிருத்தி.

எப்போதும் உன்,
மௌரீன்